ஜோசஃப் கெக்குக்குவின் ஏழு ஆண்டுகள்

ஹவாயன் கிட்டாரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். ஹவாயின் ஓஅஹு தீவில் ஒரு சிறுவன் கையில் கிட்டாரோடு தண்டவாளத்தின் ஓரமாக நடந்துபோகிறான். வழியில் கிடந்த துருப்பிடித்த போல்ட் ஒன்றைக் குனிந்து எடுக்கிறான். அது தற்செயலாகத் தந்திகளின்மீது பட்டு இழுபட, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியே இல்லாமல் வழுக்கிச் செல்லும் நாதம் ஒன்று எழுகிறது. அந்தச் சிறுவனின் பெயர் ஜோசஃப் கெக்குக்கு. போல்ட் அல்ல, சட்டைப் பையிலிருந்த சீப்பு நழுவித் தந்திமேல் விழுந்தது என்று சொல்வோரும் உண்டு. கண்டுபிடித்த ஆண்டைப் பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை. அவருக்குப் பத்து, பதினோரு வயதிருந்த 1885 என்கிறார்கள் சிலர், பள்ளி விடுதியில் இருந்த 1889 என்கிறார்கள் வேறு சிலர். ஓஅஹுவில் பொதுமக்களுக்கான ரயில் 1889 நவம்பரில்தான் ஓடத் தொடங்கியது என்பதால், தண்டவாளக் கதையை ஏற்பதானால் பிந்தைய ஆண்டே அதற்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

கதை எதுவாக இருந்தாலும், அதன் பின்னொட்டாக வரும் ஒரு செய்திதான் என்னை அதிகம் கவர்கிறது. அந்த வாசிப்பு முறையைக் கைவசப்படுத்த கெக்குக்குவுக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன என்பதே அச்செய்தி. போல்ட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறவர்கள் இந்த ஏழு ஆண்டுகளை அரை வரியில் கடந்துவிடுகிறார்கள். இரும்பைத் தந்தியில் தேய்த்தால் விநோதமான ஓசை வரும் என்பதை உலகின் பல மூலைகளில் பலரும் தற்செயலாக அறிந்திருக்கக் கூடும். அந்த ஓசையிலிருந்து ஒரு கருவியையும், அந்தக் கருவிக்கு ஒரு வாசிப்பு முறையையும், அந்த முறையைப் பிறருக்குச் சொல்லித்தரும் வழியையும் உண்டாக்கியது அந்த ஏழு ஆண்டுகளின் உழைப்புதான். கெக்குக்குவை நான் மதிப்பது அதற்காகவே.

அவர் 1874 டிசம்பரில், ஓஅஹுவின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள லாயியே என்னும் சிற்றூரில் பிறந்தார். மார்மன் திருச்சபையினர் 1865-இல் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர் அது. அவர் பிறந்த அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் கலாகௌவா ஹவாயின் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். மிஷனரிகளின் கண்டனத்துக்கு அஞ்சி வெகுகாலம் ஒதுங்கிக் கிடந்த ஹூலா ஆட்டத்தை அரண்மனை முற்றத்துக்கே அழைத்துவந்து ஆடவைத்த அரசர் அவர். அவருடைய தங்கையும் பின்னாளில் அரசியுமான லிலியுஓகலானி, இன்றும் பாடப்படும் பாடல்களை இயற்றியவர். அரச குடும்பமே பாட்டுக் கட்டிய நாட்டில், கிட்டார் அப்போதே பழகிய கருவியாகியிருந்தது. 1830-களில் மாட்டு மந்தைகளைக் கட்டுப்படுத்தக் கற்றுத்தருவதற்காக மெக்சிகோ பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்ட குதிரைவீரர்கள் வழியாக அது வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. 1879-இல் ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில் மதீராத் தீவிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தோட்டத் தொழிலாளர்கள் கொண்டுவந்த சிறிய நாலுதந்திக் கருவி, சில ஆண்டுகளில் உக்குலேலே ஆயிற்று.

வந்த கருவியை வந்தபடியே வைத்துக்கொள்ளும் பழக்கம் ஹவாய் மக்களுக்கு இல்லை. கிட்டாரின் ஆறு தந்திகளையும் வழக்கமான முறையில் சுருதி சேர்க்காமல், சில தந்திகளைத் தளர்த்தி, விரல் எதையும் அழுத்தாமலே ஒட்டுமொத்தமாக மீட்டினால் ஓர் இனிய கூட்டொலி எழும்படி அமைத்துக்கொண்டார்கள். அதைத்தான் இன்று ஸ்லாக் கீ என்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு சுருதி அமைப்பை வைத்துக்கொண்டு வெளியாருக்குச் சொல்லாமல் காத்துவந்ததும் உண்டு. கெக்குக்குவின் கண்டுபிடிப்புக்கு இந்தப் பழக்கம்தான் அடித்தளம். எஃகுத் துண்டு ஒன்றை ஆறு தந்திகளுக்கும் குறுக்கே நேராக வைத்தால், தந்திகள் எல்லாம் ஒரே அளவில் சுருதி ஏறும். வழக்கமான கிட்டார் சுருதியில் அப்படிச் செய்தால் காதுக்குப் பொருந்தாத கலவைதான் கேட்கும். திறந்த தந்திகளே இசைந்து ஒலிக்கும் சுருதியில் செய்தால், எஃகு எங்கே நகர்ந்தாலும் அந்த இசைவும் குலையாமல் கூடவே நகரும். அந்த போல்ட் ஸ்பெயினிலோ பாரிஸிலோ ஒரு கிட்டாரின்மேல் விழுந்திருந்தால் யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஹோனலூலுவிலிருந்த கமேஹமேஹா ஆண்கள் பள்ளியில் கெக்குக்கு விடுதி மாணவராகச் சேர்ந்தார். இளவரசி பெர்னீஸ் பௌவாஹி பிஷப் தம் நிலங்களை எழுதிவைத்துச் சென்ற உயிலின்படி, ஹவாய்ப் பிள்ளைகளுக்காக 1887-இல் திறக்கப்பட்ட பள்ளி அது. தச்சு, கொல்லுப் பட்டறை வேலை போன்ற கைத்தொழில்களுக்கு அங்கே முதலிடம் தரப்பட்டது. பாடமொழி ஆங்கிலம். அவருடைய உறவினரான சாமுவேல் நைனோவாவும் அங்கேதான் படித்தார், அவர் வயலின் வாசிப்பவர். ஒரு சுரத்தை நீட்டவும் வளைக்கவும் கூடிய வயலினைப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்த பையனுக்கு, மீட்டியவுடன் ஓசை கரைந்துபோகும் தன் கிட்டாரின்மேல் ஓர் ஏக்கம் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

பள்ளிப் பட்டறை இல்லாவிட்டால் இந்தக் கருவி உருவாகியிருக்காது. சீப்பையும் கத்தி முதுகையும் வைத்துப் பழகிப் பார்த்த கெக்குக்கு, பிறகு அந்தப் பட்டறையிலேயே, கைக்கு அடங்கும் வழவழப்பான எஃகுக் கட்டை ஒன்றைச் செய்துகொண்டார். அதோடு வேலை முடியவில்லை. கிட்டாரில் தந்திகள், கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளான மெட்டுகளுக்கு மிக அருகில் ஓடுகின்றன. எஃகை அவற்றின்மேல் வைத்தவுடன் தந்தி மெட்டில் இடித்துக் கரகரக்கும். ஆகவே தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து நிற்கும் நட்டை உயர்த்தி, தந்திகளை மெட்டுகளுக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கினார். குடல் தந்தியில் எஃகு வழுக்கினால் நாதம் நீடித்து நிற்காது என்பதால் உலோகத் தந்திகளுக்கு மாறினார். மார்போடு அணைத்து வாசித்த கருவியை மடியில் மல்லாக்கக் கிடத்தினார். இவற்றில் எதுவும் தற்செயல் அல்ல. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும், அதைச் சரிசெய்ய வேறொன்றை மாற்ற வேண்டும். பட்டறையில் கைவேலை பழகிய மாணவன் ஒருவன் இரவுகளில் விடுதியில் உட்கார்ந்து செய்திருக்கக்கூடிய பொறுமையான வேலை இது.

இந்த மாற்றங்களின் அருமை கையில் எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். என்னிடமிருந்த பழைய எஃகுத்தந்திக் கிட்டார் ஒன்றின் நட்டின்மேல் பொருத்தும் உலோகத் தொப்பியைக் கடையில் வாங்கிப் பொருத்தி, லேத் பட்டறை ஒன்றில் விரல் நீளத்துக்கு ஓர் எஃகு உருளையைக் கடைந்து மெருகேற்றித் தரச் சொல்லி, சில காலம் பழகிப் பார்த்தேன். பழைய ஹவாய் வாசிப்பாளர்கள் பெரிதும் கையாண்ட சுருதி ஒன்று உண்டு. தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்திவரை நம் கணக்கில் அது ப, ஸ, ப, ஸ, க, ப என்று அமையும். வழக்கமான கிட்டார் சுருதியிலிருந்து அதற்குப் போக, தடித்த தந்தியிலிருந்து எண்ணினால் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது தந்திகளை ஒவ்வொரு முழுச்சுரம் ஏற்றினால் போதும். ஸ்லாக் கீ முறையில் பரவலாக வழங்கும் சுருதி ஒன்றிலும் இதே ப, ஸ, ப, ஸ, க, ப அமைப்புதான் இருக்கிறது. அங்கே மற்ற மூன்று தந்திகளை இறக்கி அதே இடத்துக்கு வருகிறார்கள். தளர்த்தி அடைந்ததை இறுக்கியும் அடையலாம் என்பதும், இறுகிய தந்தியில் எஃகு தொய்வில்லாமல் ஓடும் என்பதும் பழகத் தொடங்கியவுடனேயே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

உருளையைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, ஆள்காட்டி விரலை மேலே தளர்வாக வைத்து, மெட்டுக் கம்பிக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். சாதாரணக் கிட்டாரில் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்தால் மெட்டு சுருதியைப் பார்த்துக்கொள்ளும். இங்கே மெட்டு வெறும் அடையாளக் கோடுதான், சுருதிக்கு முழுப்பொறுப்பும் காதைச் சேர்ந்தது. உருளைக்குப் பின்பக்கம் இருக்கும் தந்திப் பகுதியும் சேர்ந்து முனகும் என்பதால் மோதிர விரலும் சுண்டுவிரலும் உருளையைத் தொடர்ந்து தந்திகளை மெல்லத் தடவி அந்த முனகலை அடக்கிக்கொண்டே வர வேண்டும். அதிர்வுக்காகக் கையை முன்னும் பின்னும் அசைக்கும்போது சுரத்தின் நடு இடத்தைத் தவறவிடக் கூடாது. வலது உள்ளங்கையின் விளிம்பைத் தந்தியின் சரியான இடத்தில் ஒரு கணம் வைத்து எடுத்தால் மணியோசை போன்ற மேல்சுரம் எழும், அது தனியாகப் பழக வேண்டிய வித்தை. கற்றுத்தர ஒருவரும் இல்லாமல், கேட்டுப் பழக ஒரு முன்மாதிரியும் இல்லாமல், இவை அனைத்தையும் ஒருவர் தாமாகவே வகுத்துக்கொள்ள ஏழு ஆண்டுகள் ஆனது மிகக் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் கோட்டுவாத்தியம் நினைவுக்கு வராமல் இருக்காது. மெட்டில்லாத வீணை போன்ற அந்தக் கருவியில், கருங்காலி போன்ற கடினமான கட்டையைத் தந்திமேல் வழுக்கவிட்டுக் கமகங்களை வரவழைக்கிறார்கள். கெக்குக்கு ஓஅஹுவில் பழகிக்கொண்டிருந்ததற்கு அதிகத் தொலைவில்லாத காலத்தில்தான் தஞ்சை மண்ணில் அக்கருவி மறுபடி உருப்பெற்றது. திருவிடைமருதூர் சகாராம ராவ் அதைக் கச்சேரி மேடைக்குத் தகுதியாக்கினார், பிறகு மன்னார்குடி சாவித்திரி அம்மாள், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி போன்றோர் அதை நிலைநிறுத்தினார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாகச் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. வழி வேறுபட்டதை மட்டும் கவனிக்கலாம். கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது. கெக்குக்கு மெட்டுகள் உள்ள கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, தந்தியை உயர்த்தி அவற்றின் பிடியிலிருந்து அதை விடுவித்தார்.

இந்தியத் தொடர்பு ஒன்று இந்தக் கதைக்குள் வேறு வகையில் நுழைகிறது. கண்டுபிடிப்பு கெக்குக்குவுடையதல்ல, கேப்ரியல் டேவியோன் என்பவருடையது என்று ஹோனலூலுவில் ஒரு பேச்சு இருந்தது. இந்தியாவில் பிறந்து, கப்பல் தலைவர் ஒருவரால் சிறுவயதிலேயே கடத்திச் செல்லப்பட்டு, கடைசியில் ஹவாயில் கரையேறியவர் அவர் என்றும், 1880-களிலேயே தந்தியின்மேல் பொருளை வழுக்கி வாசித்தார் என்றும் சொல்லப்பட்டது. ஜேம்ஸ் ஹோவா என்ற இன்னொருவரின் பெயரும் அடிபட்டது. டேவியோன் கதையைக் கேட்டவுடன் நம்மவருக்கு ஒரு பெருமிதம் எழுவது இயல்பு. எனக்கும் அந்தப் பிள்ளையின் வாழ்க்கைமேல் மிகுந்த பரிவு உண்டு. ஆயினும் டேவியோன் வழியாக இந்த வாசிப்பைக் கற்றோம் என்று சொல்லிக்கொண்டு ஒரு மாணவர் வரிசை வரவில்லை. கமேஹமேஹா பள்ளி விடுதியில் கெக்குக்குவைப் பார்த்து மற்ற மாணவர்கள் பழகினார்கள், விடுமுறையில் ஊர் திரும்பிய அவர்கள் வழியாகத் தீவெங்கும் அந்த வாசிப்பு பரவியது. கட்டையும் நட்டும் எஃகுத் தந்தியும் ஒரே முறையாகச் சேர்ந்தது அவரிடத்தில்தான். அந்த வகையில் கண்டுபிடித்தவர் என்ற பெயர் அவருக்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

1889-இலிருந்து ஏழு ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் 1896 வருகிறது. அந்த இடைவெளியில் ஹவாய்க்கு நேர்ந்தவற்றை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1891-இல் கலாகௌவா இறந்தார். 1893 ஜனவரியில், அமெரிக்கக் கடற்படையினர் கரையிறங்கி நிற்க, தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் சேர்ந்து அரசி லிலியுஓகலானியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அப்போது கெக்குக்குவுக்குப் பதினெட்டு வயது. 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழி என்று சட்டம் வந்து, ஹவாய் மொழிவழிக் கல்வி அடியோடு நின்றது. 1898-இல் தீவுகள் அமெரிக்காவோடு இணைக்கப்பட்டன. தன் நாடும் மொழியும் கண்ணெதிரே பறிபோய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஓர் இளைஞன், வெளியிலிருந்து வந்த கருவி ஒன்றைத் தன் மக்களின் பாடும் குரலைப் போலவே குழையவும் இழையவும் வைத்துக்கொண்டிருந்தான். அவர் அதை எதிர்ப்பாகக் கருதிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு வரலாறுகளையும் பிரித்துப் படிக்க என்னால் முடியவில்லை.

1904-இல் கெக்குக்கு அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கப்பலேறினார். மேற்குக் கரை நகரங்களில் வாசித்தார், அங்கேயே மாணவர்களைச் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். அவர் அமெரிக்க மண்ணில் கால்வைத்த காலத்தை ஒட்டி, மிசிசிப்பியின் டட்வைலர் என்ற ஊர் ரயில் நிலையத்தில், கறுப்பினக் கலைஞர் ஒருவர் கத்தியைத் தந்திமேல் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி பின்னாளில் எழுதினார். அதை விவரிக்கும்போது ஹவாய் வாசிப்பாளர்களின் எஃகுக் கட்டையை அவர் ஒப்புமை காட்டினார். ப்ளூஸின் வழுக்கு வாசிப்பு ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா, ஹவாயிலிருந்து வந்ததா என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் நான் நுழையப் போவதில்லை.

1912 ஜனவரியில் நியூயார்க்கின் பிராட்வேயில், ரிச்சர்ட் வால்டன் டல்லி எழுதிய ‘பேர்ட் ஆஃப் பாரடைஸ்’ நாடகம் அரங்கேறியது. ஹவாய்ப் பெண் ஒருத்தி வெள்ளைக்காரர் ஒருவரைக் காதலித்து, இறுதியில் எரிமலைக்குத் தன்னைப் பலிகொடுக்கும் கதை. ஹவாய் மக்களைப் பேதைகளாகவும் மூடநம்பிக்கையாளர்களாகவும் காட்டிய அந்த நாடகத்தைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதன் மேடையில் உண்மையான ஹவாய்க் கலைஞர்கள் அமர்ந்து, ஸ்டீல் கிட்டார் என்றும் அழைக்கப்படும் ஹவாயன் கிட்டாரை வாசித்தார்கள், அதைக் கேட்கவே கூட்டம் திரண்டது. 1919-இல் அந்த நாடகம் லண்டனுக்குப் போனபோது கெக்குக்குவும் அந்தக் குழுவில் இருந்தார். அதன்பின் எட்டு ஆண்டுகள் அவர் ஐரோப்பிய நாடுகளில் சுற்றி வாசித்தார். பாரிஸிலும் பெர்லினிலும் அந்த நாதத்தைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு, முன்னே உட்கார்ந்திருக்கும் இந்த மனிதர்தாம் அதை உண்டாக்கியவர் என்று தெரிந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தம் மக்களை இழிவாகக் காட்டும் கதைக்கு நடுவே இரவுக்கு இரவு அமர்ந்து, அந்த மக்களின் மிக நுட்பமான ஆக்கங்களில் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்த அவருடைய நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இதற்கிடையே, 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா பசிபிக் கண்காட்சிக்கு ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோனார்கள். அங்கே ஹவாய் அரங்கில் நாள்தோறும் ஸ்டீல் கிட்டார் ஒலித்தது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் இசைத்தட்டு வகைகளில் ஹவாய் இசையும் ஒன்றானது. ஹோனலூலுவைச் சேர்ந்த ஃபிராங்க் ஃபெரேரா ஏராளமான தட்டுகளில் வாசித்துப் புகழ்பெற்றார். கெக்குக்குவின் பெயர் இசைத்தட்டுகளால் நிலைத்த பெயர் அல்ல. அவர் மேடையிலும் மாணவர்கள் நடுவிலும் வாழ்ந்தவர். ஐரோப்பாவிலிருந்து திரும்பிய பின் சிகாகோவில் தங்கி இசைப்பள்ளி நடத்தினார், கடைசியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் டோவர் நகரில் குடியேறினார். 1932 ஜனவரி 16 அன்று, ஐம்பத்தேழாம் வயதில் காலமானார். டோவரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்த அதே 1932-இல்தான், ரிக்கன்பேக்கர் என்ற பெயரால் பின்னாளில் அறியப்பட்ட கலிபோர்னியா நிறுவனம் அலுமினியத்தில் வார்த்த மின் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு ‘வறுசட்டி’ என்று பட்டப்பெயர். வணிக வெற்றி பெற்ற முதல் மின் கிட்டார் அதுதான், அது மடியில் வைத்து எஃகால் வாசிக்கும் ஹவாயன் கிட்டார். அதை வடிவமைத்த ஜார்ஜ் போஷாம்ப்பும் ஒரு ஸ்டீல் கிட்டார் வாசிப்பாளர். காரணம் எளிது. அக்காலக் குழுக்களில் சாதாரணக் கிட்டார் பின்னணித் தாளத்துக்கு மட்டுமே பயன்பட்டது. ஸ்டீல் கிட்டாரோ பாட்டின் மெட்டையே தனித்து வாசித்தது, ஊதுகருவிகளுக்கு நடுவே கேட்க அதற்கு ஓசை போதவில்லை. உலோகக் கூம்புகள் பொருத்திய நேஷனல் கிட்டார்கள் 1927-இல் வந்ததற்கும் இதே தேவைதான் தூண்டுகோல். லியோ ஃபென்டர் கூட, பின்னாளில் ராக் இசையின் அடையாளமாகிவிட்ட தம் கிட்டார்களைச் செய்வதற்கு முன், 1940-களின் நடுவில் மடி ஸ்டீல் கிட்டார்களைத்தான் செய்து விற்றார். இன்று மேடையில் ஒருவர் மின் கிட்டாரை முழக்கும்போது, அதன் தொடக்கக் கண்ணி லாயியே ஊர்ப் பையனிடம் போய் முடிகிறது என்பது மிகைச் சொல் அல்ல.

நாதம் போன ஊர்களை எல்லாம் சொல்லத் தொடங்கினால் முடிவிராது. 1919-இல் பதினேழு வயதில் கப்பலில் ஒளிந்துகொண்டு சான் பிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்த ஸோல் ஹோஓபியி, ஸ்டீல் கிட்டாரை ஜாஸ் வேகத்துக்குக் கொண்டுபோனார். ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸின் 1929 ஒலிப்பதிவுகள் சிலவற்றில் ஹவாய்க்காரரான ஜோ கைப்போ வாசித்தார். அதன் வழி வளர்ந்த நாட்டுப்புற இசையில் ஸ்டீல் கிட்டார் இல்லாத குழுவே இல்லை என்ற காலம் வந்தது. நைஜீரியாவின் கிங் சன்னி அடே தம் ஜூஜூ இசையில், கால்மிதிகள் கொண்ட ஸ்டீல் கிட்டாரான பெடல் ஸ்டீலைச் சேர்த்துக்கொண்டார். 1930-களில் ஃபிலடெல்ஃபியாவில் டுரோமன் ஈசன் என்ற கறுப்பின இளைஞர் ஒரு ஹவாய் ஆசிரியரிடம் பாடம் கேட்டு, அதைத் தம் பெந்தெகொஸ்தே சபை வழிபாட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய தம்பி வில்லி அதை ஒரு மரபாகவே வளர்த்தார். அந்தச் சபைகளில் இன்றும் ஆர்கனின் இடத்தில் ஸ்டீல் கிட்டார்தான் அழுகிறது, ஆர்ப்பரிக்கிறது. ஓர் ஆசிரியர், ஒரு மாணவர், அங்கிருந்து ஒரு சமூகம் என்று கை மாறியே இந்தக் கருவி எங்கும் போயிருக்கிறது.

இந்தியாவுக்கும் அப்படித்தான் வந்தது. சமோவாவில் 1908-இல் பிறந்து, கெக்குக்குவின் ஊரான லாயியேயிலேயே வளர்ந்த டாவ் மோயே, மனைவி ரோஸுடனும் பிறகு பிள்ளைகளுடனும் பல பத்தாண்டுகள் உலகைச் சுற்றி வாசித்தவர். 1940-களில் அந்தக் குடும்பம் பல ஆண்டுகள் கல்கத்தாவில் தங்கியது. கார்னி நிஸ் தம் ‘அலோஹா பாய்ஸ்’ குழுவோடு வாசித்ததும் அதே நகரத்தில்தான். வங்காளத்தில் ரவீந்திர சங்கீதப் பாடல்களை வாசிக்க வீட்டுக்கு வீடு ஹவாயன் கிட்டார் பழகும் காலம் ஒன்று வந்தது. வான் ஷிப்லி, சுனில் கங்குலி போன்றோரின் தட்டுகள் வழியாக இந்தித் திரைப்பாடல்கள் நாடெங்கும் அந்த நாதத்தில் ஒலித்தன. ஆனால் ஜோத்பூரில் 1937-இல் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா செய்தது வேறு வகையான வேலை. உஸ்தாத் அலி அக்பர் கானிடம் பயின்ற அவர், கூட்டொலிக்காகச் சேர்க்கப்பட்ட சுருதி அமைப்பை ராகத்துக்கு ஏற்ப மாற்றி, ஆலாபனைக்குரிய நிதானத்தை அதில் கொண்டுவந்தார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா இருவருடனும் அவர் சேர்ந்து வாசித்து 1967-இல் வெளிவந்த இசைத்தட்டில், சந்தூருக்கும் குழலுக்கும் நடுவே கிட்டார் நுழையும் இடங்களைக் கவனித்துக் கேட்க வேண்டும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கும் மீண்டு ஒன்றில் எஃகு எவ்வளவு தாமதிக்கலாம், எங்கே சுரத்தைத் தொட்டும் தொடாமலும் விடலாம் என்பதை அவர் ஒரு பாடகரின் மனத்தோடு முடிவு செய்கிறார். அவருக்குப் பின் விஸ்வமோகன் பட் கிட்டாரை மாற்றியமைத்து உருவாக்கிய மோகன வீணை 1994-இல் கிராமி விருது வரை போயிற்று.

பயணம் போன நாதம் பிறந்த வீட்டில் மங்கத் தொடங்கியதுதான் இதில் வேதனையான பகுதி. ராக் இசை வந்த பிறகு ஹவாயிலேயே இளைஞர்கள் ஸ்டீல் கிட்டாரைக் கைவிட்டார்கள், ஓட்டல்களில் சுற்றுலாப் பயணிகளுக்காக வாசிக்கும் முதியவர்களின் கருவியாக அது சுருங்கியது. ஒஹாயோ மாநிலத்தின் லைமா நகரில் பிறந்து, சிறுவயதில் ஹவாய்க் குழு ஒன்றைக் கேட்டு மயங்கி, கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லில் பெரும்பெயர் பெற்ற ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெரி பேர்ட், 1972-இல் ஹோனலூலுவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஹவாய்ப் பிள்ளைகளுக்கே ஸ்டீல் கிட்டார் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். 2005-இல் இறக்கும்வரை அந்த ஊரை விட்டு அவர் போகவில்லை. அவரிடம் கற்ற அலன் அகாகா இன்று அடுத்த தலைமுறைச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறார். கெக்குக்குவுக்கு 1993-இல் ஸ்டீல் கிட்டார் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது, லாயியேயில் வெண்கலச் சிலையும் எழுந்தது. இந்த மரியாதைகள் வேண்டியவைதான். இருந்தாலும் அகாகாவின் வகுப்பில் ஒரு சிறுமி எஃகுக் கட்டையை நேராகப் பிடிக்கப் பழகுவதே கெக்குக்குவுக்குச் செய்யும் பெரிய மரியாதை என்று நான் நினைக்கிறேன். அவர் வாழ்ந்ததும் அப்படித்தான்.

இந்த இசையைப் புதிதாகக் கேட்க வருபவர்கள், ஸோல் ஹோஓபியியின் 1920-களின் பதிவுகளிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் பரிந்துரை. பழைய தட்டின் இரைச்சலையும் மீறி ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழும். அதன்பின் ஜெரி பேர்டின் மெதுவான ஹவாய்ப் பாடல்களைக் கேட்டால், அதிர்வை எவ்வளவு கட்டுப்பாட்டோடு கையாளலாம் என்பது தெரியும். மூன்றாவதாகக் காப்ராவின் ஆலாபனை ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால், பரணில் கிடக்கும் கிட்டாரை இறக்கித் தூசி தட்டி, மூன்று தந்திகளை ஒரு சுரம் ஏற்றி, கையில் கிடைக்கும் உருண்டையான எஃகு எதையாவது அதன்மேல் வைத்துப் பாருங்கள். நட்டை உயர்த்த மறக்க வேண்டாம்.